ரத்னம்மாவின் கையும் வெதுருகுப்பத்துக் கற்றாழையும்

நகரியில் எங்கள் நெசவுத் தெருவில் நல்ல அரக்குச் சிவப்பு வேண்டுமென்றால் ரத்னம்மா வீட்டுக்குத்தான் நூலை அனுப்புவார்கள். பொதட்டூர்பேட்டையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். கணவன் சண்முகம் தறியில் உட்காருவான். அவனுடைய அண்ணன் பாலசுந்தரம் தறிக்கு நூலை நீளவாட்டில் இழுத்துப் பாவு போடுவான். அண்ணி சந்திரம்மா சமையலையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வாள். கொல்லையில் கூரை போட்ட சாயப்பட்டறை ரத்னம்மாவின் பொறுப்பு. பிறந்த வீட்டிலும் இதே வேலைதான் என்பதால் அவளுக்கு யாரும் எதையும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஈர நூலைப் பார்த்தே, காய்ந்தால் என்ன நிறத்துக்கு இறங்கும் என்று சொல்லிவிடுவாள்.

ஆந்திரா தனி ராஜ்யமாகி நாலைந்து வருஷம் ஆகியிருந்த சமயம் அது. திருத்தணி யாருக்கு, நகரி யாருக்கு, சித்தூர் யாருக்கு என்று ஊரெல்லாம் பேச்சு. எங்கள் தெருவில் அதைவிடப் பெரிய பேச்சு புதுச் சாயத்தைப் பற்றியது. துவைக்கத் துவைக்க வெளுக்காத சிவப்பு என்று வியாபாரிகள் கேட்க ஆரம்பித்திருந்தார்கள். அந்தச் சாயத்தைக் காஸ்டிக் சோடாவில் கரைக்க வேண்டும். கரைத்த தண்ணீரில், கத்தையாகச் சுற்றிய நூல் சிட்டத்தை முக்கி, இரண்டு கையாலும் முறுக்கிப் பிழிய வேண்டும். தண்ணீர் சோப்பைப் போல வழுவழுவென்று இருக்கும், கையில் படும்போது ஒன்றும் தெரியாது. வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த பிறகுதான் எரியத் தொடங்கும்.

முதலில் ரத்னம்மாவின் விரல் நுனிகள் தோலுரிந்தன. விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு வேலையைப் பார்த்தாள். மழைக்காலம் முடிவதற்குள் உள்ளங்கை முழுக்க வெடித்துவிட்டது. விரலை மடக்கினால் ரத்தம் கசிந்தது. புறங்கையில் வெள்ளையும் சிவப்புமாகத் திட்டுத் திட்டாகப் படர்ந்து, இரண்டு நகங்கள் கறுத்தன. சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்தால் கண்ணில் நீர் வந்துவிடும். தலையைப் பின்னிக்கொள்ள முடியவில்லை. இரண்டு வயது மகள் செல்வியைத் தூக்கினால், சொரசொரப்பான அந்தக் கை பட்டு குழந்தை சிணுங்கியது.

யார் முதலில் சொன்னார்கள் என்று தெரியாது. பெருவியாதியாக, குஷ்டமாக இருக்கும் என்று ஒரு பேச்சு கிளம்பியது. கிணற்றடியில் அவள் வந்தால் மற்ற பெண்கள் குடத்தை நகர்த்திக்கொண்டார்கள். நூல் கொண்டுவருகிறவர்கள் வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார்கள். ஒருநாள் மத்தியானம் சந்திரம்மா அவளுக்குத் தனியாக ஒரு அலுமினியத் தட்டு வைத்தாள். சத்தம் போடவில்லை, முகத்தைச் சுளிக்கவில்லை. செல்வியை இடுப்பில் எடுத்துக்கொண்டு, "கொஞ்ச நாளைக்குக் கொயந்த எங்கிட்டயே இருக்கட்டும் ரத்னா" என்று மட்டும் சொன்னாள்.

அன்றைக்குச் சண்முகம் தறியிலிருந்து எழுந்து வந்து அந்தத் தட்டின் முன்னால் உட்கார்ந்தான். சோற்றைப் பிசைந்து மனைவிக்கு ஒரு வாய் ஊட்டினான், அடுத்த வாயைத் தான் தின்றான். அண்ணி பார்த்துக்கொண்டுதான் நின்றாள். கை கழுவிய பிறகு அண்ணனிடம், நாளைக்குச் சித்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்றான்.

சித்தூரில் தோல் நோய்களைப் பார்த்தவர் டாக்டர் ரங்கையா. தனி ராஜ்யம் ஆன பிறகு குண்டூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். தமிழ் புரியாது. ரத்னம்மாவுக்கோ சந்தையில் பேரம் பேசும் அளவுக்குத்தான் தெலுங்கு. டாக்டர் கேட்பது அவளுக்குப் பாதிதான் விளங்கியது, அவள் சொல்வது டாக்டருக்குப் பாதிதான் எட்டியது. சண்முகம் வெளியே சீட்டு எழுதுமிடத்தில் நின்றிருந்தான். கட்டு மாற்றக் கணவனை அழைத்துவந்து பக்கத்துப் பெஞ்சில் காத்திருந்த ஒரு பெண் எழுந்து வந்தாள். நாற்பது வயதிருக்கும். வெதுருகுப்பத்துக்காரி, பெயர் செங்கம்மா. மாமரத்திலிருந்து விழுந்து கால் முறிந்த கணவனுக்குத் துணையாக ஆஸ்பத்திரியிலேயே தங்கியிருந்தாள். வீட்டில் தமிழ், கழனியில் தெலுங்கு என்று இரண்டும் பேசி வளர்ந்தவள்.

அவள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, ரத்னம்மாவின் பக்கம் திரும்பினாள். முந்தானைக்குள் ஒளிந்திருந்த கைகளை வெளியே எடுத்து, தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாம்மா, கைய இப்பிடி வச்சிக்கினு எப்பிடித்தான் இருந்த?" என்றாள்.

வீட்டைவிட்டுக் கிளம்பியதிலிருந்து அழாமல் வந்த ரத்னம்மா அப்போது அழுதாள். பல மாதங்களில் கணவனைத் தவிர வேறு ஒரு ஆள் அவளைத் தொட்டது அன்றைக்குத்தான்.

டாக்டர் அவசரப்படவில்லை. எங்காவது மரத்துப் போயிருக்கிறதா என்று பார்க்க, அவளைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் ஒவ்வொரு விரலாகத் தொட்டார், ஊசி நுனியால் லேசாகக் குத்தினார். தொட்ட இடத்தையெல்லாம் அவள் சரியாகச் சொன்னாள். என்ன வேலை, தண்ணீரில் என்ன கலக்கிறார்கள், வலி எப்போது அதிகம் என்றெல்லாம் செங்கம்மா மூலமாகக் கேட்டார். கடைசியில் பேனாவை மூடிவிட்டு, "இதி பெத்தரோகம் காதம்மா" என்றார்.

"பெருவியாதி இல்லியாம்" என்றாள் செங்கம்மா. "அந்தக் காரத் தண்ணிதான் தோலத் துன்னுட்டுதாம். அதுல கை வைக்காம இருந்தா ஆறிடுமாம். யாருக்கும் ஒட்டாதாம்."

ஒட்டாது என்பதை இன்னொரு தடவை கேட்டுச் சொல்லும்படி ரத்னம்மா கெஞ்சினாள். டாக்டர் சிரித்துக்கொண்டே, மறுபடியும் அவள் கையைத் தொட்டுக்காட்டி அதையே சொன்னார்.

வெடிப்பு ஆழமாக இருந்ததால் அவளைப் பெண்கள் வார்டில் படுக்க வைத்தார்கள். களிம்பு போட்டுக் கட்டினார்கள். சண்முகம் தறியை விட்டுவிட்டு இருக்க முடியாமல் ஊருக்குத் திரும்பினான். செங்கம்மா கணவனுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு இவளிடம் வருவாள். தலைவாரிப் பின்னிவிடுவாள், ஊட்டிவிடுவாள். மாமரக் குத்தகை பற்றியும், கால் முறிந்த பிறகும் படுக்கையிலிருந்தே அதிகாரம் செய்யும் கணவனைப் பற்றியும் சொல்லிச் சிரிக்க வைப்பாள். ரத்னம்மா அவளை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

வெடிப்புகள் மூடிக்கொண்ட பிறகும் எரிச்சலும் அரிப்பும் நிற்கவில்லை. புதுத்தோல் காகிதம் போல இறுகி, விரலை விரித்தால் மறுபடி கிழிந்துவிடும் போலிருந்தது. ஊரிலிருந்து சாப்பாடு கொண்டுவந்த தன் கொழுந்தனிடம் செங்கம்மா சொல்லியனுப்பி, கழனி வேலியில் கிடந்த சோற்றுக்கற்றாழை மடல்களை வரவழைத்தாள். போடும் முன்னால் டாக்டரிடம் கேட்டுவிடலாம் என்று ரத்னம்மா தயங்கினாள். கேட்டார்கள். வெடிப்பு மூடிவிட்டதால் போடலாம், ஆனால் தோலுக்கு அடியில் கசியும் மஞ்சள் பால் படக்கூடாது, அது எரிச்சலைக் கூட்டிவிடும் என்றார் அவர். முதலில் விரல் நகமளவு இடத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னார்.

செங்கம்மா மடலின் அடியை வெட்டிச் சாய்த்து நிறுத்தி, மஞ்சள் பால் முழுக்க வடியவிட்டாள். பச்சைத்தோலைச் சீவி, உள்ளேயிருந்த கண்ணாடிச் சோற்றைப் பல தண்ணீரில் அலசினாள். மணிக்கட்டில் கொஞ்சம் வைத்துவிட்டு, மறுநாள் வரை பொறுத்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. பிறகு உள்ளங்கையிலும் விரல்களிலும் தடவினாள். மழை பெய்த மண்ணில் கால் வைத்தது போலிருந்தது என்று ரத்னம்மா பின்னாளில் சொல்வாள். எரிச்சல் இறங்கியது. அன்றைக்குச் சாயங்காலமே அசந்து தூங்கிவிட்டாள்.

தினமும் தடவினார்கள். இறுக்கம் தளர்ந்தது. தோலில் ஈரம் நின்றது. சொறியாமல் இருந்ததால் புண்ணும் திரும்ப வரவில்லை. விரல்கள் முழுக்க மடங்கிய நாளில் டாக்டர் வீட்டுக்கு அனுப்பினார். காஸ்டிக்கில் இனிக் கை படக்கூடாது என்பதுதான் முதல் மருந்து, மற்றதெல்லாம் அப்புறம் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். செங்கம்மா வேரோடு ஒரு கற்றாழைக் கன்றை ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்தாள்.

நகரியில் பஸ்ஸைவிட்டு இறங்கி வீட்டுக்குள் நுழைந்தபோது செல்வி ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள். சந்திரம்மா எழுந்து வரவில்லை. அடுப்படியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், கைகள் முந்தானைக்குள் இருந்தன. ரத்னம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது. அவள் இல்லாத நாட்களில் சாயத்தை வேறு யார் போட்டிருப்பார்கள்?

அவள் சந்திரம்மாவின் எதிரில் உட்கார்ந்து கைகளைப் பிடித்து இழுத்தாள். சந்திரம்மா விடவில்லை.

"தொடாத ரத்னா. எனக்கும் வந்துட்டுது" என்றாள். தனக்குப் பெருவியாதி வந்துவிட்டதென்று நம்பி, கணவனிடம்கூடச் சொல்லாமல் தன் பிள்ளைகளைத் தள்ளி நிறுத்தி வைத்திருந்தாள்.

"வியாதி இல்லக்கா, காரம். டாக்டரே தொட்டுப் பாத்துச் சொன்னாரு. காட்டு" என்றாள் ரத்னம்மா.

கைகளை விரித்துப் பார்த்தாள். தோல் சிவந்து உரிந்திருந்தது, ஆழமாக வெடிக்கவில்லை. தண்ணீர் கொண்டுவந்து கழுவினாள். மறுநாள் சண்முகத்தோடு அவளையும் சித்தூருக்கு அனுப்பிக் காட்டிவரச் செய்தாள். திரும்பி வந்த பிறகு, செங்கம்மா செய்தது போலவே மஞ்சள் பால் வடித்து, அலசி, தானே தடவிவிட்டாள். செங்கம்மா கொடுத்த கன்று இன்னும் வேர் பிடிக்கவில்லை என்பதால், பக்கத்து ஊர் சத்திரவாடையில் வேலியோரத்திலிருந்து மடல் வெட்டிவந்தவன் பாலசுந்தரம். ஒரே மாதத்தில் சந்திரம்மா பழையபடி அம்மி முன்னால் உட்கார்ந்தாள்.

அதன் பிறகு பட்டறையில் யாரும் வெறும் கையால் பிழிவதில்லை. சிட்டத்தை இரண்டு கழிகளில் மாட்டி முறுக்கும்படி சண்முகம் ஒரு மரச்சட்டம் அடித்துக் கொடுத்தான். மெட்ராஸில் வேலை பார்த்த ரத்னம்மாவின் தம்பி எத்திராஜ் ரப்பர் கையுறை கொண்டுவந்தான். கிழிந்தால் அடுத்த தடவை வரும்போது புதிது கொண்டுவருவான். வேலை முடிந்ததும் நிறையத் தண்ணீரில் கழுவி, கற்றாழைச் சோறு தடவிக்கொள்வது வழக்கமானது. கிணற்றடியில் குடத்தை நகர்த்திய பெண்களும் ஒவ்வொருவராக வந்து சட்டத்தைப் பார்த்துப் போனார்கள், மடல் கேட்டு வாங்கிப் போனார்கள். யாரிடமும் அவள் பழையதைக் கிளறவில்லை.

எல்லைத் தகராறு ஒருவழியாகத் தீர்ந்தது. பொதட்டூர்பேட்டை மெட்ராஸ் ராஜ்யத்துக்குப் போயிற்று, நகரி ஆந்திராவிலேயே நின்றது. உன் தாய்வீட்டுக்குப் போய்ப் பிழைக்கலாமா என்று சண்முகம் ஒருமுறை கேட்டான். சந்திரம்மாவை விட்டுவிட்டு எங்கே போவது என்றாள் ரத்னம்மா. பேச்சு அதோடு முடிந்தது.

அடுத்த வருஷம் ரத்னம்மாவும் சந்திரம்மாவும் திருமலைக்குப் போனார்கள். கை குணமானால் முடி கொடுப்பதாக ரத்னம்மா ஆஸ்பத்திரியில் வேண்டிக்கொண்டிருந்தாள். இருவருமே மொட்டையடித்து, தலையில் சந்தனம் பூசி, கோனேரிக் குளத்தில் முழுகி, சாமியைச் சேவித்தார்கள். கீழே இறங்கியதும் ரத்னம்மா ஊருக்குப் போகும் பஸ்ஸை விட்டுவிட்டு வெதுருகுப்பம் பஸ்ஸைத் தேடினாள். மடியில் ஒரு அரக்குச் சேலை இருந்தது. அவள் சாயம் போட்ட நூலில் சண்முகம் நெய்தது.

மாந்தோப்பை ஒட்டிய வீடு என்று விசாரித்துப் போய்ச் சேர்ந்தார்கள். கால் கொஞ்சம் சாய்ந்த நடையோடு செங்கம்மாவின் கணவன்தான் முதலில் வந்தார். பின்னாலேயே செங்கம்மா. இரண்டு மொட்டைத்தலைப் பெண்கள் வாசலில் நிற்பதைப் பார்த்து, திருப்பதியிலிருந்து நடந்து திரும்புகிறவர்கள் தண்ணீர் கேட்கிறார்கள் என்று நினைத்துச் செம்பை நீட்டினாள். ரத்னம்மா செம்பை வாங்காமல் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள்.

செங்கம்மா அந்தக் கைகளைப் பார்த்தாள். செம்பைக் கீழே வைத்துவிட்டு, உள்ளங்கையைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துப் பார்த்தாள்.

"நகரி ரத்னாவா? கையி பூவாட்டம் கீதே" என்றாள்.

சேலையைக் கொடுத்தபோது வாங்க மறுத்தாள். வேலியில் சும்மா கிடந்ததைத்தானே வெட்டிக் கொடுத்தேன், அதற்குப் போய்ப் புதுச் சேலையா என்றாள்.

"கத்தாழைக்கு இல்லக்கா" என்றாள் ரத்னம்மா. "யாருமே தொடாதப்ப நீ தொட்ட."

சந்திரம்மாதான் முன்னால் வந்து சேலையைப் பிரித்துச் செங்கம்மாவின் தோளில் போட்டாள். போட்ட கையை உடனே எடுக்காமல் அங்கேயே வைத்திருந்தாள்.

அன்றைக்கு அவர்களை ஊருக்கு விடவில்லை. கேழ்வரகுக் களியும் கோழிக்குழம்பும் தேவையா, திருமலை போய்வந்தவர்களுக்குக் கீரை கடைந்தால் போதுமா என்று கணவனும் மனைவியும் கொல்லையில் நின்று வாதாடினார்கள். கீரைதான் ஜெயித்தது. காலையில் கணவனே பஸ் நிறுத்தம் வரை தாங்கித் தாங்கி நடந்து வந்து, ஒரு கூடை மாங்காயை மேலே ஏற்றிவிட்டு, கார்வேட்டிநகரத்தில் இறங்கிப் புத்தூர் பஸ்ஸில் ஏறும்படி கண்டக்டரிடம் இரண்டு தடவை சொல்லிவைத்தார். இனிமேல் பொங்கலுக்குப் பொங்கல் வர வேண்டும் என்று செங்கம்மா ஜன்னல் வழியே கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். தை மாதம் நாங்கள் வருகிறோம், ஆனி மாதம் நீங்கள் வர வேண்டும் என்று சந்திரம்மா உள்ளேயிருந்து முறை வைத்தாள். அப்படியேதான் பல வருஷம் நடந்தது.