உமாராணி துவைத்த சட்டை

தென்காசி ஜவுளிக்கடை ஒன்றில் பதினோரு வருடம் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தவள் உமாராணி. புருஷன் பரமசிவன் ராணுவத்தில். குத்துக்கல்வலசையில் சொந்த வீடு. கஷ்டம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அடுத்தவர் ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்தே ஆயுசு போய்விடுமோ என்ற எரிச்சல் அவளுக்கு இருந்தது. குற்றாலத்துக்கு ஷூட்டிங் வருகிறபோதெல்லாம் வேலி ஓரம் நின்று நடிகர்களைப் பார்க்கமாட்டாள். உடுப்புகளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களைத்தான் பார்ப்பாள். அந்த வேலை வேண்டும் அவளுக்கு.

அந்த நேரம் பார்த்து ஒரு தனியார் பயிற்சி மையம் ஊரில் கடை விரித்தது. சினிமாவுக்கு உள்ளூரிலேயே தேர்ந்த தொழிலாளர்களை உருவாக்கப் போகிறார்களாம். மூன்று மாதம், முழுநேர வகுப்பு. முதலாளி லீவு தரவில்லை, வேலையை விட்டாள். கல்யாண மண்டபத்தில் ஏசி போட்டு நடத்திய வகுப்பில் உடைகளின் வரலாறு, நிறங்களின் உளவியல், இன்டர்வியூவில் கைகுலுக்கும் விதம் எல்லாம் திரையில் ஓடின. ஒரு சட்டையைக்கூட யாரும் கையில் கொடுக்கவில்லை. கடைசி நாளில் சர்டிபிகேட் மட்டும் தங்க நிறக் கரையோடு கொடுத்தார்கள்.

ஆனி மாதம் ஐந்தருவிப் பக்கம் ஒரு படம் வந்தது. உடைகளுக்குப் பொறுப்பான சங்கிலிப்பாண்டியின் உதவியாளருக்குக் காய்ச்சல். மையத்தை நடத்தும் பெர்சிஸ், உமாராணியை அனுப்பிவைத்தாள். இந்த இருபது நாள் ஒழுங்காக இருந்தால் அடுத்த படத்துக்கும் கூட்டிப்போவதாகச் சொன்னார் சங்கிலிப்பாண்டி. உமாராணிக்கு அன்று கால் தரையில் பாவவில்லை.

முதல் நாள் சண்டைக்காட்சி. சேற்றில் புரண்டு, தோளில் கிழிந்து, ரத்தச் சாயம் ஒட்டிய நாயகனின் வெள்ளைச் சட்டையைச் சாயங்காலம் சங்கிலிப்பாண்டி அவளிடம் கொடுத்தார்.

"நாளைக்கும் இதே சட்டைதாம்மா. பத்திரம்."

பத்திரம் என்றால் பதினோரு வருடம் துணியோடு புழங்கியவளுக்கு ஒரே அர்த்தம்தான். படக்குழு தங்கியிருந்த லாட்ஜின் குழாயடியில் சோப்புப் போட்டுக் கசக்கினாள். சாயத்தை நகத்தால் சுரண்டி எடுத்தாள். சாரலில் துணி எங்கே காயும்? ஃபேனுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றாள். கிழிசலை இழை தெரியாமல் தைத்தாள். கஞ்சி போட்டு, இஸ்திரியும் போட்டாள். அவ்வளவு நேர்த்தியாக அவள் எந்தத் துணிக்கும் செய்ததில்லை.

காலையில் அதை ஹேங்கரோடு நீட்டியபோது சங்கிலிப்பாண்டியின் முகத்தில் ஈயாடவில்லை. சண்டையின் மறுபாதி இன்னும் எடுக்கவில்லை. அதே சேறு, அதே கிழிசல், அதே இடத்தில் இருந்தாக வேண்டும். அந்தத் தொழிலில் முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற பாடம் அது.

"யாரும்மா உனக்கு ட்ரெயினிங் குடுத்தது?"

"சர்டிபிகேட் இருக்கு சார்," என்றாள். சொன்ன பிறகுதான் வெட்கம் பிடுங்கித் தின்றது.

"வீட்டுக்குப் போம்மா," என்றார் அவர். அதற்கு நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

அழுது ஓய ஒரு வாரம் ஆயிற்று. பிறகு மையத்துக்குப் போனாள். ஷூட்டிங் நடக்கும் இடத்திலேயே ஒரு மாதம் வேலை பழக்கும் புதுப் பயிற்சிக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மேடம், என்னையும் சேத்துக்கிடுங்க. எனக்கு அந்த வேல தெரியணும்."

"வேல கெடைக்காதவங்களத்தான் இதுல எடுப்போம்க்கா. ஒங்களுக்குத்தான் கெடச்சிட்டே," என்றாள் பெர்சிஸ்.

"ஒரே நாள்ல வெரட்டிட்டாங்க மேடம்."

"ஒரு நாள் போனாலும் போனதுதான. வேல கெடச்சவங்க கணக்குல ஒங்க பேர எழுதி அனுப்பிட்டோம், இனி மாத்த முடியாது." பெர்சிஸ் எழுந்து வகுப்புக் கதவைத் திறந்தாள். "புதுசா வந்திருக்கவங்ககிட்ட ரெண்டு வார்த்த பேசிட்டுப் போங்கக்கா. வேல கெடச்சவங்களப் பாத்தா அவங்களுக்கும் ஒரு தெம்பு வரும்லா."

உள்ளே நாற்பது பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். உமாராணி முன்னால் போய் நின்றாள்.

"ஷூட்டிங்ல ஒரு சட்டையக் குடுத்து, பத்திரம்னு சொன்னாங்கன்னா, தொவைச்சிராதீங்க," என்றாள்.

வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று நினைத்து நாற்பது பேரும் சிரித்தார்கள்.