ரிப்பேர் மேனுவல் கேட்டு வந்தவர்கள்

ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ரிப்பேர் மேனுவல் விற்பது லேசான வேலையில்லை. பைக் ஓடுகிறவரை அதை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை, நின்றபிறகு வருகிறவருக்கோ பொறுமை இருப்பதில்லை. ஓசூரில் நிற்கிற எனக்கு மட்டுமல்ல, எந்த ஊர்க் கவுண்டரில் நிற்கிற உங்களுக்கும் இது தெரிந்த வலிதான்.

நாலு போல்ட்

கோவிந்தராஜ் அண்ணனுக்கு இன்ஜின் பூட்டுகிற லைனில் வேலை. தன் பழைய பைக்கை வீட்டிலேயே பிரித்துப் பார்க்க மேனுவல் கேட்டார். அந்த மாடலுக்கு இருந்த நாலு புத்தகங்களையும் பரப்பினேன். அட்டையைப் பார்க்கவில்லை. எந்த போல்ட்டை எவ்வளவு இறுக்கவேண்டும் என்கிற அட்டவணைக்கு நேராகப் போய், நாலிலும் ஒரே ஒரு வரியில் விரலை வைத்தார். மூன்று புத்தகங்களை மூடித் தள்ளிவிட்டார்.

"என்னண்ணா பார்த்தீங்க?"

"சிலிண்டர் ஹெட்டுல நாலு போல்ட்டு. பதினோரு வருசமா நான் இறுக்கறது அது மட்டுந்தான் தம்பி. பிரேக்கு, கியரு எதுவும் தெரியாது. என் நாலு போல்ட்டுக்கே அளவைத் தப்பா அச்சுப் போட்டவன், மீதியை எங்க சரியாப் போட்டிருக்கப் போறான்?"

அக்கா தேடிய கார்புரேட்டர்

அடுத்த வாரம் ஸ்டெல்லா அக்கா வந்தார். உத்தனப்பள்ளிக்கு உள்ளே தள்ளி ஒரு ஊர். கான்ட்ராக்டில் வேலை பார்க்கிற கம்பெனியின் பஸ் அங்கே போகாது, பைக்கில்தான் ஷிப்டுக்குப் போகவேண்டும். மண் ரோட்டில் பைக் திடீர் திடீரென்று நிற்கிறது. மெக்கானிக் சொன்னபடி பேட்டரி மாற்றியும் நிற்கிறது. ஏற்கெனவே ரெண்டு லேட். மூன்றாவது விழுந்தால் கான்ட்ராக்டைப் புதுப்பிக்க மாட்டார்கள்.

அதே மாடல் என்றதும், கோவிந்தராஜ் அண்ணன் தேர்ந்தெடுத்த புத்தகத்தையே பெருமையாகக் கொடுத்தேன். மறுநாளே திரும்பி வந்தார். மாடல் பெயர்தான் ஒன்று. அக்காவுடையது புது வண்டி, இன்ஜினுக்குப் பெட்ரோலை இன்ஜெக்டர் பீய்ச்சுகிறது, பழைய வண்டியில் அந்த வேலையைச் செய்கிற கார்புரேட்டரே கிடையாது. எந்த வருட வண்டி என்று கேட்காதது என் தப்பு. அவர் திட்டாதது இன்னும் கூச்சமாக இருந்தது.

"உங்க புத்தகத்துல இருக்கற கார்புரேட்டரைத் தேடி சீட்டு, சைடு கவரு எல்லாம் கழட்டிட்டேன் தம்பி. இனி கழட்டறதுக்கு நாந்தான் பாக்கி."

கட்டம் போட்ட புத்தகம்

இந்த முறை அவரே தேர்ந்தெடுத்தார். நான் நீட்டிய கலர்ப் படப் புத்தகம் வேண்டாமாம். மங்கலாக அச்சான ஒன்றை எடுத்தார். பக்கத்துக்குப் பக்கம் கட்டங்கள்: இதைப் பார், சரியென்றால் அந்தக் கட்டம், இல்லையென்றால் இந்தக் கட்டம். "இங்கிலீஷ்ல இருக்கேக்கா" என்று இழுத்தேன்.

"எங்க லைன்ல மெஷின் நின்னா பாக்கறதுக்கு இதே மாதிரி சார்ட்டுதான் ஒட்டியிருக்கு. நான் என்ன கதை படிக்கவா வந்தேன்? அடுத்து எதைப் பாக்கணும்னு சொன்னாப் போதும்."

நாலாவது கட்டம்

பத்து நாள் கழித்து, ஷிப்ட் முடிந்து யூனிபார்மோடு வந்தார். மறுபடியும் புத்தகம் தப்போ என்று பார்த்தால், நடந்ததைச் சொன்னார். பேட்டரி சரி, பியூஸ் சரி, பிளக் சரி; நாலாவது கட்டம் சைடு ஸ்டாண்டு சுவிட்ச். ஸ்டாண்டு இறங்கியிருந்தால் வண்டியை ஓடவிடாத சுவிட்ச் அது. அதில் மண் ரோட்டுச் சேறு இறுகியிருக்கிறது. குலுங்கும்போதெல்லாம், ஸ்டாண்டு இறங்கிவிட்டதாக அதுவே முடிவுசெய்து இன்ஜினை நிறுத்தியிருக்கிறது. அக்கா பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவியதோடு சரி, பிறகு நிற்கவேயில்லை. மூன்றாவது லேட் விழவில்லை, கான்ட்ராக்டிலும் கையெழுத்தாகிவிட்டது.

"அப்புறம் எதுக்குக்கா வந்தீங்க?"

"அதே புத்தகம் இன்னொண்ணு குடுங்க தம்பி. பேட்டரி மாத்தச் சொன்னாரே அந்த மெக்கானிக்கு, பாத்துட்டுத் தரேன்னு வாங்கிட்டுப் போனவரு திருப்பியே தரல."

எது நல்ல மேனுவல் என்று நான் இதுவரை ஒருவருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. வாங்க வருகிறவர்கள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, அதற்கு என்னிடமே காசும் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.