செய்தவர் பெயர் தெரியவில்லை

பிரியாணி வருவதற்காகப் பந்தி முழுக்கக் காத்திருக்கும் நேரத்தில், மர்யம் டம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு அதைக் கவிழ்த்துப் பார்ப்பாள். மிச்சமிருக்கும் இரண்டு சொட்டு பக்கத்து இலையில் விழும். டம்ளரின் அடியில் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்து இருக்கும்: ஓர் இனிஷியல், ஒரு பெயர், ஒரு கல்யாணத் தேதி. படித்து முடித்துவிட்டு, யாரும் கேட்காமலே சொல்வாள்: "குடுத்தவங்க பேரு இருக்குது. செஞ்சவங்க பேரு இல்ல."

கொல்லிமலை அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியில் எல்லாருக்கும் இது பழகிப்போய்விட்டது. அவளைப் பெற்ற அலிமா பீவிக்கு மட்டும் பழகவில்லை. "ஊரார் ஊட்டுப் பண்டத்துக்கு அடி பாக்கறவள எவன் வந்து கட்டுவான்?" என்று முப்பத்திரண்டு வயது மகளைப் பார்த்து இன்றைக்கும் கேட்கிறார். மர்யம் அம்மாவின் வெற்றிலைப் பெட்டியை எடுத்து அதையும் ஒருமுறை கவிழ்ப்பாள்.

அவள் பையில் தையல்காரர் டேப் ஒன்றும், முனை தேய்ந்த பென்சிலும், கட்டம் போட்ட ஒரு நோட்டும் எப்போதும் உண்டு. நோட்டில் ஒவ்வொரு பொருளையும் வரைந்து, அடியில் ஐந்து கட்டங்கள் போட்டிருப்பாள்: பொருள், ஊர், அளவு, பயன், செய்தவர். எந்தக் கட்டத்தையும் காலியாக விடக்கூடாது என்பது அவளாகவே போட்டுக்கொண்ட சட்டம். அந்தச் சட்டம்தான் பின்னால் அவள் காலையே வாரிவிட்டது.

மூன்று வருடம் அவள் சென்னைக்கும் ஊருக்குமாக அலைந்து படித்ததற்குப் பெயர், நவீன வடிவமைப்பு மற்றும் பயன்கலைகளின் வரலாறும் கோட்பாடும். இதைத் தன் மிளகு மண்டிக்கு வருகிறவர்களிடம் விளக்குவதற்குள் அவளைப் பெற்ற அத்தா அப்பாஸ் அலிக்கு நாக்கு வறண்டுவிடும். "சாமான் செய்யறதுக்குப் படிக்கலீங்க. வரையறதுக்கும் இல்லீங்க. அதையெல்லாம் பத்திப் படிக்கிறா" என்பார். கேட்டவர் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு மிளகு விலைக்குப் போய்விடுவார். எதிர் வீட்டு ருக்குமணிக்கு விளக்கமே தேவைப்படவில்லை. டிசைன் படித்த பெண் என்று கேள்விப்பட்ட மறுநாளே ரவிக்கைத் துணியோடு வந்து நின்றார். "கழுத்துக்கு நல்லதா ஒரு டிசைன் போட்டுக் குடு கண்ணு." போட்டுக் கொடுத்தாள். வேறென்ன செய்வது?

1998இல் அந்தப் படிப்பில் சேர்ந்தபோது, கொடுத்த புத்தகங்களை வெறி பிடித்தவள்போலப் படித்தாள். எங்கோ ஐரோப்பாவில் ஒருவன் இரும்புக் குழாயை வளைத்து நாற்காலி செய்திருந்தான். அவன் பெயர், வருடம், பட்டறை இருந்த தெரு, கூட்டாளியோடு போட்ட சண்டை வரைக்கும் அச்சில் இருந்தது. நம் ஊர் முறத்துக்கும் உரலுக்கும் சேர்த்து ஒரே வரி: 'நாட்டுப்புறக் கைவினை'. முறம் என்ன மரத்திலா காய்த்தது? கொல்லிமலையில் பதினான்கு பொருட்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் செய்தவர் யார் என்று பெயரோடு நிறுவுவதுதான் தன் ஆய்வு என்று அன்றைக்கே முடிவு செய்தாள்.

பதினான்கில் பெரியது மலைமேல் வளப்பூர் நாடு என்கிற பகுதியில் பார்த்த ஒத்தைக்கால் ஏணி. மிளகு பறிக்க மரத்தில் சாய்ப்பது. ஒரே மூங்கில்தான், பக்கக் கிளைகளை ஒரு சாண் விட்டு வெட்டியிருப்பார்கள், மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும் அந்தக் கட்டைகளே படி. மலையில் எங்கு பார்த்தாலும் கிடைக்கும். ஆனால் அங்கே கண்ணாயி என்கிற பெண்ணின் வீட்டு ஏணியில், ஐந்தாவது படிக்கும் ஆறாவது படிக்கும் நடுவில் துளை போட்டு ஒரு மரமுளை அடித்திருந்தது.

"இது எதுக்குங்க அக்கா?"

"எனக்குக் கால் எட்டாது கண்ணு. நாந்தான குட்டை. அதுக்குன்னு அடிச்சுக் குடுத்தாரு."

"யாருங்க?"

"எங்கூட்டுக்காரரு."

"அவரு பேரு?"

கண்ணாயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். "அதை நான் எப்படிச் சொல்றது?"

மர்யமுக்கு இது புரிந்திருக்க வேண்டாமா? அவள் வீட்டிலேயே அலிமா பீவி இவள் பிறந்த நாளிலிருந்து புருஷன் பேரைச் சொல்லாமல் 'மர்யமோட அத்தா' என்றுதானே சொல்கிறார்? நாலு எட்டு நடந்து பக்கத்து வீட்டில் கேட்டிருக்கலாம். கடைசி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. கட்டத்தைக் காலியாக விட மனம் வராமல், 'பெயர் தெரியவில்லை' என்று தன் அழகான கையெழுத்தில் எழுதிவிட்டு ஓடினாள். அந்த முதல் படங்களின் நகல் அதே வாரம் சென்னையில் அவளுடைய ஆய்வுக்கு வழிகாட்டிய பேராசிரியரின் மேசைக்குப் போனது.

அடுத்த தடவை போனபோது பக்கத்து வீட்டு மாதம்மாள் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்: "கருப்பண்ணன்." ஆய்வேட்டில் கருப்பண்ணனுக்கு மட்டும் பதினேழு பக்கம். 'சமூகத்துக்கு முழங்கால் கிடையாது. கண்ணாயிக்கு உண்டு' என்று அதில் ஒரு வரி. அதை எழுதிய அன்றைக்கு அவள் சாப்பிடக்கூட மறந்துவிட்டாளாம்.

பேராசிரியருக்கு அந்த வரிதான் ஆகவில்லை. கிராமத்துப் பொருளுக்குத் தனி ஆள் கிடையாது, சமூகமே படைப்பாளி என்பது அவர் இருபது வருடமாகச் சொல்லி வந்த கோட்பாடு. "பெயர்களை எடுத்துவிடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்" என்றார். எடுத்திருந்தால் இந்நேரம் ஏதாவது ஒரு கல்லூரியில் மர்யம் வாத்தியாராக இருந்திருப்பாள். அவள் எடுக்கவில்லை. ஏடு இரண்டு முறை திரும்பி வந்தது. கெடு முடிந்தது, பதிவு ரத்தானது, பட்டமும் போனது. அப்பாஸ் அலி ஒரு வார்த்தை திட்டவில்லை. மண்டியில் தன் மேசைக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் திட்டியிருந்தால் தேவலை என்று மர்யம் இப்போதும் சொல்கிறாள்.

2002இல் அந்தப் புத்தகம் வந்தது. வழவழ தாளில், தூக்கினால் கை வலிக்கிற ஆங்கிலப் புத்தகம். அட்டையின் மேல் விளிம்பில் தங்க எழுத்தில் பேராசிரியர் பெயர். உள்ளே அவள் வரைந்த பதினான்கு படங்கள். பதின்மூன்றில் செய்தவர் பெயரை அழித்திருந்தார்கள். பதினான்காவதில் அழிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அந்த ஏணியை வெட்டி எடுத்து அட்டையில் போட்டு, அடியில் 'பெயர் தெரியவில்லை' என்பதை அவள் கையெழுத்திலேயே அலங்காரமாக அச்சிட்டிருந்தார்கள். தமிழ் எழுத்து அட்டைக்கு எடுப்பாக இருந்ததாம். முன்னுரையில் 'உள்ளூரில் உதவிய ஒரு பெண்ணுக்கு' நன்றி.

யாரிடம் போய்ச் சண்டை போடுவது? அட்டையில் இருப்பது அவள் கையெழுத்து. பெயர் தெரியவில்லை என்று எழுதியவளே அவள்தான். நான்கு நாள் மண்டியில் உட்கார்ந்து அந்தப் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு படத்திலும் பெயர் இருந்த இடத்தை விரலால் தடவினாள். ஐந்தாம் நாள் அதைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். கண்ணாயியிடம் மன்னிப்புக் கேட்காமல் சோறு இறங்காது என்று தோன்றிவிட்டது.

மிளகு பறிப்பு நடந்துகொண்டிருந்தது. கருப்பண்ணன் ஏணி உச்சியில் இலைகளுக்குள் இருந்தார். கீழிருந்து பாதம் மட்டும்தான் தெரிந்தது. கண்ணாயி சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை வாங்கினார். அவருக்குப் படிக்கத் தெரியாது. அட்டையை வெகுநேரம் பார்த்தார்.

"எங்கூட்டு ஏணிதான். இதா, என்ற முளை, எனக்கு அடிச்சது."

"ஆமாங்க அக்கா. அவரு பேரு போடல. நான் அன்னைக்கு எழுதுன தப்புங்க. எம்பேரும் இல்லீங்க." மர்யம் அட்டையில் தன் கையெழுத்தைத் தொட்டுக் காட்டினாள்.

கண்ணாயி அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு படத்தில் படிகளை விரலால் எண்ணிக்கொண்டிருந்தார்.

"தலகீழா நிக்குதே கண்ணு. கட்டையெல்லாம் கீழ பாக்குது பாரு. இப்படி நட்டா கால் வழுக்கி உழுந்து சாவோணும்."

மர்யம் எட்டிப் பார்த்தாள். உண்மைதான். கண்ணில் பட்டதையெல்லாம் கவிழ்த்துப் பார்க்கிற அவள், நான்கு நாளில் இதைப் பார்க்கவில்லை.

"என்ன புள்ள அது?" என்று மேலிருந்து குரல் வந்தது.

"ஒண்ணுமில்லீங்க. நம்ம ஏணி."

கண்ணாயி குனிந்தார். புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பி, மரத்தடியில் சாய்த்து வைத்து, ஏணி நடும்போது செய்வதுபோலவே அதன் அடிப்பக்கத்தை ஈரமண்ணில் கையால் ஓர் அழுத்து அழுத்தினார். தங்க எழுத்துப் பெயர் முழுக்க மண்ணுக்குள் போகும்வரை அழுத்தினார்.