மலேசியாவுக்குக் கொண்டுபோக ஒரு செல்போன்

கோமதி, மீனா, நேற்று உங்களைத் திருநெல்வேலிக்குக் கூட்டிப் போகவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்திருந்தீர்கள். பார்த்ததை எல்லாம் எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். எழுதுகிறேன். பாதியில் எனக்கே கை கூசும்.

காலை எட்டரைக்குச் சீவலப்பேரியில் டவுன் பஸ் ஏறினேன். டிக்கெட் மூன்று ரூபாய். நடவு முடிந்த வயல்களில் கொக்குகள் நின்றன. பக்கத்தில் கீரைக்கட்டோடு உட்கார்ந்திருந்தவர் எங்கே என்று கேட்டார். அடுத்த வாரம் மலேசியாவுக்கு அரிசி ஆலை இயந்திரம் மாட்டப் போகிறேன், மூன்று மாத வேலை, அதற்குள் வீட்டில் பிரசவம் இருக்கிறது, சேதி உடனே தெரியவேண்டும், அதனால் செல்போன் வாங்கப் போகிறேன் என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

கீரைக்காரர் மட்டும் அசரவில்லை. “அதுல நாம பேசுனாலும் துட்டு, நம்மகிட்ட பேசுனாலும் துட்டாம்லா. தும்முனா தனியா போடுவானோ என்னவோ வே” என்றார். பஸ்ஸே சிரித்தது.

நான் அவரிடம் சொல்லாத காரணம் ஒன்று உண்டு. அது உங்களுக்குத் தெரியும். நாம் வீட்டுக்கு டெலிபோன் கேட்டு எழுதிப்போட்டு இரண்டு வருடமாகியும் முறை வரவில்லை. நமக்கு வரும் போன் எல்லாம் எதிர்வீட்டுப் பார்வதி பெரியம்மா வீட்டுக்குத்தான் வரும். அவர்கள் தெருவைத் தாண்டி வந்து கூப்பிடுவார்கள். போன வாரம் மலேசியாக் கம்பெனி கூப்பிட்டபோது, விளக்கேற்றிக்கொண்டிருந்ததால் கால் மணி நேரம் கழித்து வந்து சொன்னார்கள். அதற்குத்தான் நான் நடுத்தெருவில் நின்று அப்படிக் கத்தினேன். இனி எங்கள் வீட்டு ஆள் ஒருவரும் உங்கள் வாசலை மிதிக்கமாட்டோம், நான் செல்போன் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். கம்பெனிக்காரர்கள் மறுநாளே திரும்பக் கூப்பிட்டார்கள். அந்தச் சேதியையும் பெரியம்மாதான் வந்து சொன்னார்கள்.

ஒன்பதரைக்கு வண்ணாரப்பேட்டையில் இறங்கினேன். கடை முழுக்கக் கண்ணாடி. செருப்பைக் கழற்றவா வேண்டாமா என்று தெரியாமல் வாசலில் நின்றேன். உள்ளே இருந்த தம்பி பொறுமையான ஆள். இரண்டு போன் எடுத்து வைத்தார். ஒன்று செங்கல் கனம், தலையில் கொம்பு மாதிரி ஏரியல். இன்னொன்று சட்டைப்பையில் அடங்கும். அதற்குள் விரல் நகமளவு ஒரு சில்லு போடுகிறார்கள், நம் எண் அதில்தான் இருக்கிறதாம். ஒரு கம்பெனிச் சில்லு தமிழ்நாட்டைத் தாண்டினால் ஊமை. இன்னொன்று மலேசியாவிலும் பேசும், ஆனால் முன்பணம் கட்டவேண்டும். நம் ஊரில் இரண்டுமே எடுக்காது, இன்னும் செல்போன் கோபுரம் வைக்கவில்லை என்றார். நான்தான் ஊரில் இருக்கப்போவதில்லையே என்று சிறிய போனையும் இரண்டாவது கம்பெனியையும் காட்டினேன்.

“வாங்குமுன்ன ஒரு தடவ பேசிப் பாருங்க, அண்ணாச்சி. வீட்டு நம்பர அடிங்க” என்று கையில் கொடுத்தார்.

அடித்தேன். என் விரலுக்குத் தெரிந்த வீட்டு நம்பர் ஒன்றே ஒன்றுதான். மணி அடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. வைக்கத் தெரியவில்லை, எந்தப் பொத்தான் என்று தேடுவதற்குள் “யாரு?” என்று பார்வதி பெரியம்மா குரல் கேட்டது. ஏதோ உளறினேன்.

“தம்பியா? இருங்க, கூப்பிடுதேன்.”

வேறு ஒரு வார்த்தை இல்லை. அவர்கள் வீட்டு இரும்புக் கேட் திறப்பது கேட்டது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு உங்கள் அம்மாவின் மூச்சு. எட்டு மாத வயிற்றோடு ஓடி வந்திருக்கிறாள். “என்ன ஆச்சு? எங்க இருக்கிய? அடிகிடி பட்டுட்டா?”

ஒன்றுமில்லை, சும்மாதான் என்றேன். பக்கத்தில் பெரியம்மா, “உக்காரு தாயி, தண்ணி குடி” என்பது கேட்டது. மிதிக்கமாட்டோம் என்று நான் சொன்ன வாசலை, நானே வண்ணாரப்பேட்டையில் நின்றுகொண்டு அவளை ஓடிவந்து மிதிக்கவைத்தேன். கடைத்தம்பி சத்தம் தெளிவாக வருகிறதா என்று கேட்டார். ரொம்பத் தெளிவு என்றேன். யோசித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே வந்துவிட்டேன்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தும் எதையும் பார்க்கவில்லை. மலேசியாவில் என் பையில் எந்தப் போன் இருந்தால் என்ன? இங்கே ராத்திரி வலி எடுத்தால் ஊர் டெலிபோன் பூத் அடைத்திருக்கும். பேசுவதற்கு அந்த ஒரு வீடுதான் திறந்திருக்கும். போனைப் பற்றி அத்தனை கேள்வி கேட்ட நான், மறுமுனையில் எடுப்பது யார் என்று ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

ஒரு மணிக்கு இறங்கி, நம் வீட்டுக்கு வராமல் எதிர்வீட்டுக் கேட்டைத் தட்டினேன். பெரியம்மா என் கையைப் பார்த்தார்கள்.

“எங்க தம்பி, செல்போனு? ஊரே கேக்குத மாதிரி சொன்னீயளே.”

“வாங்கல, அக்கா. அன்னைக்கு நான் பேசுனது தப்பு.”

அவர்கள் உள்ளே போய் ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்து வந்தார்கள். “மலேசியாக் கம்பெனி நம்பர மட்டும் எழுதிக் குடுத்துட்டுப் போங்க. பிள்ள பொறந்தா எந்நேரம்னாலும் நானே அடிக்கேன்” என்றார்கள்.

பிள்ளைகளே, ஞாயிறுதோறும் சாயங்காலம் ஆறு மணிக்கு மலேசியாவிலிருந்து பேசுவேன். ஐந்தரைக்கே எதிர்வீட்டில் போய் உட்கார்ந்திருங்கள். பெரியம்மாவைத் தெருவைத் தாண்டி நடக்கவிடாதீர்கள். நான் கத்தியதைத் தெருவே கேட்டது, நீங்களும் கேட்டீர்கள். தப்பு என்று சொன்னதை அந்தக் கேட்டுக்குள் அவர்கள் ஒருவர்தான் கேட்டார்கள். நீங்களும் கேட்டதாக இருக்கட்டும் என்றுதான் இதை எழுதினேன்.