ரீத்தா அக்கா உயர்த்திய கை

செவ்வாய்க்கிழமை காலை பேருந்தில் இருந்தபோது ரீத்தா அக்காவின் மகள் அழைத்தாள். "ஆன்ட்டி, நேத்து ஆஸ்பத்திரில சேர்த்தோம்ல, அம்மா..." என்று நிறுத்தினாள். நான் குறுக்கே எதுவும் கேட்கவில்லை. கடைசியில்தான் வந்தது, "போயிட்டாங்க."

நம் தேவாலயப் பங்கு மக்களுக்கு அக்காவைத் தெரியும். சிங்கப்பூர் அரபு ஸ்திரீட்டில் ஒரு துருக்கிக்காரரின் கம்பளக் கடையில் அவர் விற்பனைக்கு நின்றார், நான் துப்புரவு வேலை. முதலாளி பேசுவதைக் கேட்டு நோட்டில் எழுதியே துருக்கி மொழியைப் பிடித்துக்கொண்டார். "நம்ம பாஷை மாதிரிதான்லா. எவ்னா வீடு. எவ்தே வீட்டுல, எவ்தென் வீட்டுலேர்ந்து. சொல்லோட வாலைப் பிடிச்சா போதும்டி. சேதி மட்டும் நம்மள மாதிரியே கடைசிச் சொல்லுலதான் வரும்" என்பார். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கே அது புரிந்தது.

போன வருடம் கப்பலில் வேலை பார்க்கும் என் மகன் ஜோசப் துருக்கியில் இஸ்மீர் துறைமுகத்தில் விழுந்துவிட்டான். தலையில் அடி, ஆபரேஷன் என்று மட்டும் கப்பல் கம்பெனியில் சொல்லி, ஆஸ்பத்திரி நம்பரைக் கொடுத்தார்கள். எடுத்த தாதிக்கு ஆங்கிலம் வரவில்லை. போனை அக்காவிடம் கொடுத்தேன்.

பேஷண்டுக்கு நீங்கள் யார் என்று தாதி கேட்டார் போலிருக்கிறது. அக்கா ஒரு நொடி யோசித்து, "ஓலுமுஸ்" என்றார். நம்ம பையன் என்று அர்த்தம். பிறகு காதில் விழுந்ததை மெல்லச் சொன்னார்: "ஆபரேஷன்லேர்ந்து வெளிய வந்த பேஷண்ட்..."

"வந்த பேஷண்ட் என்னக்கா? இருக்கானா?" அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

அக்கா கையை உயர்த்தினார். "கடைசிச் சொல்லு இன்னும் வரல. அவுங்க முடிக்கட்டும்."

அங்கே யாரோ கூப்பிட, தாதி பாதியிலேயே போனை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். ஆட்கள் நடக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"நல்லா இருக்கான்னாச்சும் சொல்லுங்கக்கா!"

"ஊகமா சொல்லமாட்டேன்டி. தப்பாப் போனா நீ தாங்கமாட்ட."

உயர்த்திய கை இறங்கவில்லை. தாதி திரும்பி வந்து பேசி முடித்த பிறகுதான் இறங்கியது. "கண்ணு முழிச்சிட்டான். தண்ணி கேட்டானாம்."

அழுது ஓய்ந்தபின் கேட்டேன், "நம்ம பையன்னு பொய் சொல்லிட்டீங்களே?"

"உன் பையன்னு சொன்னா, அப்ப நீங்க யாருன்னு கேட்டுட்டு போனை வச்சிருவாங்க. அதான் அந்தச் சொல்லு." பிறகு முறைத்தார். "ஆமா, இதுல எங்கடி பொய்?"

அவருடைய நோட்டு மகளிடமே இருக்கட்டும். எனக்கு அந்தக் கை போதும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஜோசப்புக்கு நான்தான் போன் செய்தேன். "நம்ம ரீத்தா அக்கா..." என்று தொடங்கினேன். அவன் குறுக்கிடாமல் காத்திருந்தான். கடைசிச் சொல் எனக்குத்தான் வரவில்லை.