காவலாளி தலைகீழாக நின்ற செவ்வாய்க்கிழமை

கெப்ஹார்ட் ஸ்டும்ப் எங்கள் ஊர் உடற்பயிற்சிக் கூடத்தின் காவலாளி. மர அறுவை ஆலையை மூடிய பிறகு ஐம்பத்திரண்டாம் வயதில் இந்த வேலைக்கு வந்தார். தொப்பை பெரிது, தோள் அதைவிடப் பெரிது, கால்கள் மட்டும் கொக்குக் கால்கள். கூடத்தின் மரத்தரையை முகம் தெரிகிற மாதிரி பளபளப்பாக வைத்திருப்பார்.

அந்தத் தரைக்கு நாங்கள்தான் எமன். செவ்வாய்தோறும் மாலையில் எட்டுப் பெண்கள் சக்கரம் உருட்ட வருவோம். ஆளைவிட உயரமான இரண்டு இரும்பு வளையங்களைக் குறுக்குக் கம்பிகளால் இணைத்த சக்கரம். உள்ளே நின்று பலகையில் பாதங்களை வாரால் கட்டிக்கொண்டு, மேலே பிடியைப் பற்றிக்கொண்டு உருள வேண்டும். வளையத்தைச் சுற்றியுள்ள ரப்பர் தரையில் கறுப்புக் கோடு போடும்.

ஒருநாள் கதவில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்: 'சக்கரங்கள் தரையைத் தொடக் கூடாது.'

எங்கள் பயிற்சியாளர் இர்ம்ட்ராவுட் கறிக்கடைக்காரி. "அப்போ கூரையிலயா உருட்டுறது, ஹெர் ஸ்டும்ப்?" என்று மரியாதை குறையாமல் கேட்டாள்.

"அது உங்க பாடு. எலி மாதிரி சக்கரத்துக்குள்ள சுத்துறதெல்லாம் ஒரு விளையாட்டா?"

அடுத்த செவ்வாய் நாங்கள் கொஞ்சம் முன்னதாகவே போய்விட்டோம். கூடத்தின் நடுவே ஒரு சக்கரம் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே கெப்ஹார்ட், தலைகீழாக. கால்கள் வாரில், கைகள் பிடியில், முகம் பீட்ரூட். சாவிக்கொத்து தரையில் கிடந்தது. மேல் உடம்பின் கனம் அவரைக் கீழே இழுத்து அங்கேயே நிறுத்திவிட்டிருந்தது.

"என்ன பண்றீங்க?" என்று கேட்டேன்.

"தரையப் பரிசோதிக்கிறேன்."

"எவ்வளவு நேரமா?"

"ஒரு வார்த்த பேசாம தள்ளுறீங்களா?"

இர்ம்ட்ராவுட் வளையத்தில் கை வைத்தாள். ஆனால் தள்ளவில்லை. "தலைகீழா நிக்கிற ஆளுகிட்ட என்ன வாங்க போங்க? இனிமே நான் இர்ம்ட்ராவுட், நீ கெப்ஹார்ட். சரியா?"

"சரி, சரி! தள்ளு!"

ஒரே தள்ளு. சக்கரம் அரைச் சுற்றுச் சுற்றி அவரை நேராக நிறுத்தியது. இறங்கி ஓடிவிடுவார் என்று நினைத்தோம். அவர் பிடியை விடவில்லை. மூச்சு வாங்கியது. கண்ணில் ஏதோ ஒரு வெளிச்சம்.

"இன்னொரு தடவ," என்றார்.

அடுத்த வாரம் உடற்பயிற்சிக் கால்சட்டையோடு வந்து நின்றார். எங்களுக்கு வாயே மூடவில்லை. எந்த நொடியில் முழங்காலை மடக்குவது, எப்போது இடுப்பை முன்னே தள்ளுவது என்று பிடிபட அவருக்கு ஐந்து மாதமானது. இரண்டு முறை பாய் மீது மூட்டையாக விழுந்தார். எழுந்ததும் முதலில் தரையைத்தான் தடவிப் பார்ப்பார்.

இரண்டாம் வருடம் மாவட்டப் போட்டிக்குப் போனோம். ஐம்பதைத் தாண்டியவர்களின் தொடக்கநிலைப் பிரிவில் ஆண் அவர் ஒருவர்தான். தங்கப் பதக்கம் கழுத்தில் விழுந்தது. அவருக்கு அதில் திருப்தியில்லை. நேராக நடுவர் மேசைக்குப் போய், பெண்களோடு சேர்த்து எண்ணினால் தனக்கு எத்தனையாவது இடம் என்று கேட்டார். அவர்களும் கணக்குப் பார்த்துச் சொன்னார்கள்: பன்னிரண்டு பேரில் பதினொன்று.

பன்னிரண்டாவது நான். என் சக்கரம் கோணிக்கொண்டு போய் தேநீர் மேசையில் முட்டியிருந்தது.

"தங்கத்த விடு," என்று பேருந்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "உன்ன ஜெயிச்சுட்டேன் பாத்தியா?"

ஊர் வந்து சேரும்வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தார். நான் அவரோடு மூன்று வாரம் பேசவில்லை.