காற்றுக்குத் தூக்கிப் போட்ட பந்து

டென்னிஸில் சர்வ் ஒன்றுதான் முழுக்க நம் கையில் இருக்கிறது. பந்தை நாமே தூக்கிப் போடுகிறோம், நாமே அடிக்கிறோம். எதிரில் நிற்பவர் அதுவரை சும்மா பார்த்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். அதனால் சர்வ் கெட்டால் வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் நான் சொன்னேன். அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது முடியப்போகிற நேரம். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓர் அரசு வேலைக்கு வைகாசியில் கடிதம் வந்தது. தேர்வு ஆவணிக் கடைசியில், சென்னையில். அதைத் தவறவிட்டால் வயது தாண்டிவிடும், மறுபடி விண்ணப்பிக்க முடியாது. வீட்டிலோ எனக்கு ஒரு வரன் கிட்டத்தட்ட முடிவாகியிருந்தது. அப்பாவுக்கு ரொம்பப் பிடித்த குடும்பம். எனக்கு அந்தக் கல்யாணமே வேண்டாம். என்னைவிட இரண்டு வயது மூத்த அண்ணன்தான் திராட்சைத் தோட்டத்துக்குப் போய் அப்பா முன்னால் நின்றான்.

“மூணு மாசம் பொறுங்கப்பா. வேலையோட வருவா. நான் பொறுப்பு.”

அப்பா பந்தலுக்கு மருந்தடிப்பதை நிறுத்தாமலே சொன்னார்: “வரலைன்னா ஒன்னயத்தேன் கேப்பேன்.” அன்று சாயங்காலமே மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் போட்டுப் பேச்சை நிறுத்தினார்.

தேர்வில் முதலில் பத்து சர்வ். வேகத்தைக் கருவி வைத்து அளப்பார்கள். குறைந்தது ஆறு பந்தாவது எதிர்ப்பக்கக் கட்டத்துக்குள் விழ வேண்டும், வேகமாகவும் விழ வேண்டும். அதில் தேறினால்தான் ஆட்டமே ஆடவிடுவார்கள். என் சர்வ் கட்டத்துக்குள் விழும், ஆனால் வேகம் கிடையாது. “என்னா புள்ள, பந்தத் தாலாட்டி அனுப்புற?” என்று அண்ணன் கிண்டல் பண்ணுவான்.

வேகம் கையில் இல்லை. அது எனக்குப் புரியவே ஒரு மாதம் ஆனது. முழங்கால் மடங்கித் தரையை உதைக்க வேண்டும். அந்த உதை இடுப்பைத் திருப்ப, இடுப்பு தோளைத் தூக்க, முதுகுக்குப் பின்னால் தொங்கும் மட்டை கடைசியில்தான் மேலே வர வேண்டும். ஒன்று முடிகிற இடத்தில் அடுத்தது தொடங்க வேண்டும். நடுவில் கண் சிமிட்டும் நேரம் தவறினாலும் அத்தனை பலமும் வீண். இவ்வளவுக்கும் ஆரம்பம், இடது கை பந்தை விடுகிற இடம்.

எங்கள் பள்ளத்தாக்கில் ஆனி பிறந்துவிட்டால் மேற்கு மலையிலிருந்து காற்று இறங்கிவிடும். ஆடியில் வாழை சாயும், தகரம் பறக்கும். அண்ணன் என்னைப் பழக்கியது மிஷன் பள்ளி சிமெண்ட் தளத்தில். வடக்குப் பக்கம் மட்டும்தான் வேலி ஒழுங்காக இருந்தது. தெற்குப் பக்கம் அடித்தால் பந்து வாய்க்காலுக்குப் போய்விடும். அதனால் நான் எப்போதும் தெற்கில் நின்று வடக்கே அடித்தேன். காற்று என் இடப்பக்கமிருந்து வரும். பந்தை நேராகப் போட்டால் வலப்பக்கம் எட்டாமல் ஓடும். ஆகவே தலைக்கு இடப்புறமாகத் தூக்கிப் போடுவேன். காற்று அதை என் வலது தோளுக்கு முன்னால் கொண்டுவந்து வைக்கும். அதுவரை ஒரு நொடிக்கும் குறைவாகக் காத்திருப்பேன். அந்தக் காத்திருப்பில் முழங்கால் நன்றாக மடங்கியது, தோள் நன்றாக விரிந்தது. அப்புறம் பாருங்கள், வேலிக் கம்பியில் பந்து அடித்தால் பள்ளிக்கூட நாய் எழுந்து ஓடும்! அவ்வளவு வேகம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அண்ணனுக்கு மட்டும் உறுத்தியது. ஆடிக் கடைசியில் சொன்னான்: “நீ காத்துக்கு வெயிட் பண்ணுற. அங்கன காத்து இல்லைன்னா என்னா செய்வ? பங்குச் சாமியார்ட்ட கேட்டு மண்டபத்துச் சாவி வாங்கியாந்துருக்கேன். சன்னலச் சாத்திட்டு சும்மா தூக்கி மட்டும் போட்டுப் பாரு.”

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். “இப்பத்தேன் நல்லா வருது, அது பொறுக்கலையா ஒனக்கு? வாய மூடிக்கிட்டுப் பந்தப் பெறக்கிப் போடு!” என்றேன். மறுநாளும் கேட்டான். மட்டையைத் தரையில் எறிந்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன். அதோடு சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

சென்னையில் காலை ஏழு மணி. தளத்தை ஒட்டிய வேப்பமரத்தில் ஓர் இலை அசையவில்லை. புழுக்கம். முதல் பந்தை இடப்பக்கம் தூக்கிப் போட்டேன். அது போட்ட இடத்திலேயே நின்றது. என் உடம்பு காத்திருந்தது. பந்து வரவில்லை, இறங்கியது. இறங்கின பந்தைத் துரத்தி அடித்தேன். வலை. இரண்டாவதும் வலை. மூன்றாவதை வலப்பக்கம் மாற்றிப் போட்டேன், மட்டை விளிம்பில் பட்டு எங்கோ போனது. புத்திக்கு எல்லாம் தெரிந்தது, உடம்புக்குத்தான் ஏறவில்லை. பயத்தில் கடைசி மூன்றைப் பழையபடி மெதுவாக அடித்தேன். அவை உள்ளே விழுந்தன. வேகத்தை எழுதிக்கொண்டிருந்தவர் தலை நிமிரவே இல்லை. ஏழரைக்கெல்லாம் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

வாசலில் அண்ணன் நின்றான். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. அவன் கேட்காததுதான் என்னைக் கிளப்பியது. “நீதேன்! மண்டபம் மண்டபம்னு சொல்லி எம் மனசக் கெடுத்த! ஒன்னாலதேன் போச்சு!” தெருவில் எல்லோரும் பார்க்கக் கத்தினேன். அன்று ராத்திரியே தேனிக்குப் பஸ் ஏறினோம்.

வீட்டுக்குள் நுழைந்ததும் நான் வாயைத் திறக்கும் முன்பே அவன் அப்பாவிடம் சொன்னான்: “நாந்தேன்ப்பா தப்பாப் பழக்கிட்டேன். அவ மேல குத்தம் இல்ல.”

நான் வாயைத் திறக்கவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் என்று இப்போது தோன்றுகிறது. அன்று, சத்தியமாகச் சொல்கிறேன், நிம்மதியாக இருந்தது.

அப்பா அவனைத் தோட்டத்துக்குள் வரக்கூடாது என்றார். அந்த வரன் வேறு இடத்தில் முடிந்துபோனது. அதன் பிறகு வந்தவர்கள் என் வயதைக் கேட்டுவிட்டுப் போனார்கள். அப்பா ஒவ்வொன்றுக்கும் அவனைத்தான் திட்டினார். அண்ணன் கூடலூருக்குப் போய் ஜீப் ஓட்ட ஆரம்பித்தான். விடிகாலையில் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு மலை ஏறுவான். கிறிஸ்துமஸுக்கு வந்தால் அப்பா எழுந்து வெளியே போய்விடுவார். நான் ஒரு தனியார் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை ஆனேன். உண்மையைச் சொல்ல எனக்கு எட்டு வருடம் இருந்தது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சொல்லிவிடுவோம் என்று நினைப்பேன். நாள் நல்லபடியாகப் போகட்டுமே என்று விட்டுவிடுவேன்.

போன வருடம் அப்பா பெரியகுளத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இனி ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். அண்ணன் ஜீப்பை விட்டுவிட்டு வந்து நான்கு நாள் வராந்தாவில் கிடந்தான். அப்பா அவனை உள்ளே கூப்பிடவில்லை. ஐந்தாம் நாள் மத்தியானம் என் கையைப் பிடித்துக்கொண்டு அப்பா சொன்னார்: “அந்தப் பய பேச்சக் கேட்டு ஒன் வாழ்க்க வீணாப் போச்சே, ஆத்தா.”

சொல்ல வேண்டியது என் வாய்வரை வந்தது. சாகப்போகிற மனிதர் என்னைப் பார்க்கும் பார்வை மாறிவிடுமோ என்று பயந்தேன்.

“ஆமாப்பா” என்றேன்.

திரும்பினால், எனக்குக் காபி வாங்கிக்கொண்டு அண்ணன் வாசலில் நின்றிருந்தான்.